யுஜ் என்ற ஒரு வேருக்காக 1333 பக்கம்: மோனியர் வில்லியம்ஸ் அகராதி வாங்கலாமா?

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பிறகு யாரும் என்னைக் கேட்கக் கூடாது: அகராதி அருமை, எனக்கு வந்து சேர்ந்த அச்சு படுமோசம், காசு கொடுப்பதற்கு முன் இணையத்தில் இலவசமாகக் கிடைப்பதை ஒரு மாதம் புழங்கிப் பார்த்துவிடுவது நல்லது. அவசரத்தில் இருப்பவர்கள் இத்தோடு கிளம்பலாம்.

மற்றவர்களுக்கு, கதை ஒரு பந்தயத்தில் தொடங்குகிறது. இடுப்புவலிக்காக யோகா வகுப்புக்குப் போய்க்கொண்டிருந்தேன். முதல் நாளே மாஸ்டர் கண்ணை மூடச் சொல்லிவிட்டு, யோகம் என்பது யுஜ் என்ற சமஸ்கிருத வேரிலிருந்து வந்தது, யுஜ் என்றால் சேர்தல், அதாவது ஜீவாத்மா பரமாத்மாவோடு சேர்வது என்றார். கேட்க நன்றாகத்தான் இருந்தது. வீட்டுக்கு வந்து சொன்னால், கல்லூரியில் இரண்டு வருடம் சமஸ்கிருதம் படித்த மச்சான் சிரிக்கிறார். "மாப்ளே, யுஜ்னா மாட்டை வண்டியில பூட்டுறது. பரமாத்மாவெல்லாம் அப்புறம் வந்து வண்டியில ஏறிக்கிட்டார்." யார் சொல்வது சரி என்று ஒரு பிரியாணி பந்தயம். பிரியாணியை விடப் பல மடங்கு விலை கொடுத்து அகராதி வாங்கியது நான்தான் என்பதில் இருந்தே என் கணக்கு எப்படிப்பட்டது என்று தெரிந்துகொள்ளலாம்.

வாங்கியது மோனியர் வில்லியம்ஸ் தொகுத்த சமஸ்கிருத-ஆங்கில அகராதியின் மறு அச்சு. மூலம் 1899-இல் ஆக்ஸ்ஃபோர்டில் வெளிவந்தது. 1872-இல் வந்த முதல் பதிப்பை எர்ன்ஸ்ட் லாய்மன், கார்ல் காப்பெல்லர் போன்ற ஜெர்மன் அறிஞர்களின் துணையோடு பெருக்கிச் செய்தது. 1819-இல் பம்பாயில் பிறந்த மனிதர், 1860-இல் மாக்ஸ் முல்லரைத் தேர்தலில் தோற்கடித்து ஆக்ஸ்ஃபோர்டில் சமஸ்கிருதப் பேராசிரியர் ஆனவர், இந்தப் பெரிய பதிப்பு வெளிவந்த அதே 1899-இல் இறந்தும் போனார். அந்தப் பேராசிரியர் பதவியே பைபிளைச் சமஸ்கிருதத்தில் மொழிபெயர்க்க உதவும் என்று ஒரு ராணுவ அதிகாரி எழுதிவைத்த சொத்தில் உருவானது, அதை அவரே முன்னுரையில் ஒளிக்காமல் சொல்கிறார். என்ன நோக்கத்தில் செய்தாரோ, இன்று அதை நான் பிரியாணிக்காகப் புரட்டுகிறேன்.

1333 பக்கம், ஒவ்வொரு பக்கத்திலும் மூன்று பத்தி, எறும்பு ஊர்ந்த மாதிரி எழுத்து. நல்ல அச்சிலேயே கண்ணாடி வேண்டும். எனக்கு வந்த பிரதியோ பழைய அச்சைப் படமெடுத்து, அந்தப் படத்தை மறுபடி படமெடுத்து அடித்தது போல இருந்தது. எழுத்துக்கு மேலே இருக்கும் கோடும் கீழே இருக்கும் புள்ளியும் பாதி இடங்களில் காணோம். சமஸ்கிருதத்தில் அந்தக் கோடு போனால் நெடில் குறிலாகிவிடும், புள்ளி போனால் டகரம் தகரமாகிவிடும், அப்புறம் அகராதி எதற்கு? எனக்கு வேண்டிய யுஜ் இருந்த பக்கத்தில் மை பரவி நடுப்பத்தி கறுத்துப் போயிருந்தது. விற்றவருக்குப் படம் எடுத்து அனுப்பினேன். "எல்லா பிரதியும் அப்படித்தான் சார் வருது, படிக்கிறவங்க யாரும் இதுவரை சொல்லலையே" என்றார். படிக்கிறவர்கள் என்பதை அவர் அழுத்திச் சொன்னதாகவே எனக்குப் பட்டது. ஆகவே வாங்குபவர்கள் தயவுசெய்து நேரில் போய், நாலு பக்கம் புரட்டிப் பார்த்து வாங்குங்கள். மலிவு அச்சுக்கும் நல்ல அச்சுக்கும் இருக்கும் விலை வித்தியாசம் கண் டாக்டர் கட்டணத்தை விடக் குறைவு.

தேடுவது எப்படி என்பதில் தமிழர்களுக்கு ஒரு சௌகரியம் உண்டு. ஆங்கிலேயன் முழிக்கும் இடத்தில் நாம் முழிக்க மாட்டோம். உயிரெழுத்து முதலில், அப்புறம் க, ச, ட, த, ப வரிசை, அப்புறம் ய ர ல வ. ககரத்துக்கு நாலு வடிவம் இருப்பதை மட்டும் பழகிக்கொண்டால் போதும். வேர்ச்சொல் என்றால் பெரிய தேவநாகரி எழுத்தில் தனியாக நிற்கும், அதன் பிள்ளைகுட்டிகள் கீழே வரிசையாக. யுஜ் அப்படித்தான் நின்றது, கறுத்த மையோடு.

சரி, என்ன போட்டிருக்கிறார்?

முதல் பொருள்: பூட்டுதல். குதிரையையோ தேரையோ பூட்டுதல், நுகத்தில் கட்டுதல். பக்கத்திலேயே ரிக்வேதம் என்று குறிப்பு. மச்சான் போனில் ஒரு குரல் கொடுத்தார், அதை இங்கே எழுத முடியாது. இந்த அகராதியின் ஆகப் பெரிய குணம் இதுதான்: எந்தப் பொருளும் சும்மா வராது, அது எந்த நூலில் வருகிறது என்ற முத்திரையோடு வரும். ரிக்வேதம் என்று போட்டிருந்தால் பழசு, மகாபாரதம் என்றால் அதற்குப் பின்னால், கதாசரித்சாகரம் என்ற கதைத் தொகுப்பு என்றால் இன்னும் பின்னால். ஒரு சொல் எந்த வழியாக நடந்து வந்தது என்பதை அந்த முத்திரைகளைத் தொட்டுத் தொட்டுப் போனாலே பிடித்துவிடலாம்.

பூட்டுதலுக்கு அடுத்து வருகிறது, தயார் செய்தல், வேலையில் இறக்குதல், பயன்படுத்துதல், படையை அணிவகுத்தல், வில்லின் நாணில் அம்பைப் பொருத்துதல், ஒருவரை ஒரு பொறுப்பில் அமர்த்துதல், மனதை ஒன்றின் மேல் நிறுத்துதல், தியானத்தில் ஆழ்தல், சேர்த்தல், கூட்டுதல், ஒருவருக்கு ஒன்றைக் கொடுத்தல். முதல் தடவை படிக்கும்போது ஒரு வேருக்கு இத்தனையா என்று தலை சுற்றும். ஆனால் தமிழில் நாமே பூட்டு என்ற ஒரு சொல்லை வைத்துக்கொண்டு என்னவெல்லாம் செய்கிறோம்? ஏர் பூட்டுகிறோம், வண்டி பூட்டுகிறோம், வில்லில் நாண் பூட்டுகிறோம், பெண்ணுக்கு நகை பூட்டுகிறோம், கதவையும் பூட்டுகிறோம். சித்திரையில் பொன்னேர் பூட்டுவது என்றால் வெறும் மாடு கட்டுவது மட்டுமா, அந்த வருஷத்து வேலையையே தொடங்குவது. யுஜ் என்பதற்கு ஒரே தமிழ்ச்சொல் கேட்டால் சேர் என்பதை விடப் பூட்டு என்பதைத்தான் நான் சொல்வேன். சேர்வதற்கு இரண்டு பேர் சும்மா நெருங்கினாலே போதும். பூட்டுவது என்றால் அங்கே ஒரு மரம் இருக்கிறது, கயிறு இருக்கிறது, இழுக்க ஒரு பாரம் இருக்கிறது.

பதிவின் கடைசியில் அடைப்புக்குள் அவர் மற்ற மொழி உறவுகளையும் தருகிறார். லத்தீனில் நுகம் யுகும், பூட்டுவது யுங்கெரே. கிரேக்கத்தில் நுகம் ஸுகோன். லித்துவேனியத்தில் யுங்கஸ், பழைய ஸ்லாவ் மொழியில் இகோ, கோதிக்கில் யுக், ஆங்கிலத்தில் யோக். (ஹிட்டைட் மொழியில் யுகன் என்று இருப்பதை அவர் சொல்ல வாய்ப்பில்லை, அந்த மொழியைப் படித்தறிந்ததே 1915 வாக்கில்தான்.) ஆங்கிலத்தின் ஜாயின்கூட லத்தீன் வழியாக வந்த இதே குடும்பத்து ஆள். எனக்கு மிகவும் பிடித்தது நடுவில் நுழையும் மூக்கொலிதான். சமஸ்கிருதத்தில் நுகம் யுகம், அதில் மூக்கொலி இல்லை. வினையாகும்போது யுனக்தி, யுஞ்ஜந்தி என்று நடுவில் ஒரு ன, ஞ வந்து உட்கார்ந்துகொள்கிறது. லத்தீனிலும் பெயர்ச்சொல் யுகும், வினை யுங்கெரே, அதே இடத்தில் அதே மூக்கொலி. பல ஆயிரம் மைல் தள்ளி இருக்கும் இரண்டு மொழிகள் ஒரே இடத்தில் மூக்கால் பேசுவது தற்செயலாக நடக்காது. சமஸ்கிருத இலக்கணம் எழுதிய பாணினியின் மரபில் இப்படி மூக்கொலி நுழையும் வேர்களுக்கென்றே ஒரு தனி வகுப்பு உண்டு, ஏழாம் கணம். தாதுபாடம் என்ற வேர்ச்சொல் பட்டியலில் அந்த ஏழாம் கணத்தின் ஏழாவது ஆள் நம்ம யுஜ்.

பந்தயம் சிக்கலானதும் இந்தத் தாதுபாடத்தால்தான். நான் ஒரு யுஜ்தான் இருக்கிறது என்று நினைத்தேன். பட்டியலில் மூன்று இருக்கிறது! ஏழாம் கணத்தில் "யுஜிர் யோகே", அதாவது சேர்க்கை, பூட்டு என்ற பொருளில். நாலாம் கணத்தில் "யுஜ ஸமாதௌ", மனம் ஒருமுகப்படுவது என்ற பொருளில். பத்தாம் கணத்தில் "ஸம்யமனே", கட்டுப்படுத்துதல் என்ற பொருளில். பதஞ்சலியின் யோக சூத்திரத்துக்கு வியாசர் பெயரில் இருக்கும் பாஷ்யம், அதாவது விளக்கவுரை, எடுத்த எடுப்பிலேயே "யோக: ஸமாதி:" என்று சொல்லிவிடுகிறது. அதற்கு உரை எழுதிய வாசஸ்பதி மிச்ரர் இன்னும் தெளிவாக, இங்கே யோகம் என்பது ஸமாதி என்ற பொருளுடைய யுஜிலிருந்து வந்தது, சேர்க்கை என்ற பொருளுடைய யுஜிலிருந்து அல்ல என்று கதவைச் சாத்திவிடுகிறார். யோசித்துப் பாருங்கள், பதஞ்சலி யோகத்தின் வரையறையே "சித்த விருத்தி நிரோதம்", மனதின் அலைகளை அடக்குவது. அங்கே யாரும் யாரோடும் சேரவில்லை. சாங்கியத் தத்துவத்தை ஒட்டிய அந்த நூலின் முடிவு புருஷன் (ஆன்மா) பிரகிருதியிலிருந்து (இயற்கை) தனித்து நிற்பது, கைவல்யம். சேர்வதற்கு நேர் எதிர்! ஆக, யோகா வகுப்பு மாஸ்டர் சொல்லும் ஜீவாத்மா-பரமாத்மா சேர்க்கை பிற்கால மரபுகளில் உண்டுதான், அகராதியும் அதைப் பதிவு செய்திருக்கிறது, ஆனால் பதஞ்சலியைக் காட்டி அதைச் சொல்வது பொருந்தாது.

மச்சானும் முழுக்க ஜெயித்துவிடவில்லை. பரமாத்மா அப்புறம் ஏறினார் என்றாரே, மனம் ரொம்ப முன்னாலேயே ஏறிவிட்டது. ரிக்வேதம் ஐந்தாம் மண்டலம், 81-ஆம் சூக்தத்தின் முதல் வரியே ரிஷிகள் மனதைப் பூட்டுகிறார்கள், எண்ணங்களைப் பூட்டுகிறார்கள் என்றுதான் தொடங்குகிறது. குதிரை பூட்டும் அதே வினை. கட உபநிஷதம் வரும்போது படம் முழுசாகிவிட்டது: உடல் தேர், புத்தி சாரதி, மனம் கடிவாளம், புலன்கள் குதிரைகள். மனம் பூட்டப்படாதவனுடைய புலன்கள் கெட்ட குதிரைகள் போல ஓடும் என்கிறது. அந்த உபநிஷதத்திலேயே கொஞ்சம் தள்ளி, புலன்களை அசையாமல் பிடித்து நிறுத்துவதைத்தான் யோகம் என்கிறார்கள் என்று வருகிறது. நுகத்தடியிலிருந்து தியானத்துக்கு வந்த பாதையில் எங்கேயும் தாவல் இல்லை, வண்டித்தடம் அப்படியே தெரிகிறது. எனவே ஆளுக்கு அரை பிரியாணி என்று தீர்ப்பாயிற்று.

அடுத்து யோகம் என்ற சொல்லின் சொந்தப் பதிவு. இதற்காகவே புத்தகத்துக்கு இன்னொரு நட்சத்திரம் கொடுக்கலாம். வண்டி பூட்டுதலில் தொடங்கி, வாகனம், பயன்பாடு, மருந்து, உபாயம், மந்திரம் என்று போய், தந்திரம், மோசடி, ஏமாற்று என்று இறங்குகிறது. ஆமாம், மோசடி. மனுஸ்மிருதி எட்டாம் அத்தியாயத்தில் யோகமாகச் செய்த அடமானம், யோகமாகச் செய்த விற்பனை, யோகமாகக் கொடுத்த தானம் எல்லாம் செல்லாது என்று இருக்கிறது. யோகமாக என்றால் அங்கே ஏமாற்றி என்று அர்த்தம். கௌடில்யரின் அர்த்தசாஸ்திரத்தில் யோகபுருஷன் என்றால் தாடி வைத்த முனிவர் அல்ல, அரசனின் ரகசிய ஆள். கதாசரித்சாகரத்தில் இறந்துபோன நந்தராஜன் உடம்புக்குள் இந்திரதத்தன் என்பவன் யோகத்தால் புகுந்து ராஜாவாக உட்கார்ந்துகொள்வான், அவனுக்கு யோகநந்தன் என்று பெயர். டூப்ளிகேட் நந்தன். ஒரு காரியத்துக்காக எதையெல்லாமோ பூட்டி ஏற்பாடு செய்வதுதானே உபாயம், உபாயம் கொஞ்சம் கோணலானால் மோசடி. அது வளர்ந்த வழி புரிந்துவிட்டது.

கணக்கில் யோகம் என்றால் கூட்டுத்தொகை. ஆயுர்வேதத்தில் பல சரக்குகளைச் சேர்த்த மருந்துக் கலவை. பஞ்சாங்கத்தின் ஐந்து அங்கங்களில் ஒன்றான யோகம் அப்பட்டமான கூட்டல்: சூரியனும் சந்திரனும் இருக்கும் பாகைகளைக் கூட்டி, 13 பாகை 20 கலை வீதம் பங்குபோட்டால் விஷ்கம்பம் முதல் வைதிருதி வரை 27 யோகம். நாள்காட்டித் தாளில் சித்த யோகம், மரண யோகம் என்று பார்க்கிறோமே, அது வேறு, கிழமையும் நட்சத்திரமும் சேரும் சேர்க்கை. இதிலிருந்துதான் ஜாதகத்தில் கிரகங்கள் சேர்ந்தால் ராஜயோகம், அங்கிருந்து "அவனுக்கு யோகம் அடிச்சிருக்கு" என்ற நம் பேச்சு. யோகா வகுப்பில் காலை மடக்கத் தெரியாத என் சித்தப்பா ஊரில் பெரிய யோகக்காரர் என்று பெயர் எடுத்ததன் ரகசியம் இதுதான்.

எல்.ஐ.சி. சின்னத்தில் இரண்டு கைக்கு நடுவே விளக்கு, கீழே "யோகக்ஷேமம் வஹாம்யஹம்", பார்த்திருப்பீர்கள். கீதை ஒன்பதாம் அத்தியாயம், 22-ஆம் சுலோகம். சங்கரர் அதைப் பிரித்து, இல்லாததை அடைவது யோகம், அடைந்ததைக் காப்பது க்ஷேமம் என்கிறார். ரிக்வேதத்தில் இந்த ஜோடி இன்னும் மண்ணோடு இருக்கிறது: யோகம் என்றால் வண்டி பூட்டிக் கிளம்பும் காலம், க்ஷேமம் என்றால் ஓரிடத்தில் தங்கும் காலம். மாடு மேய்த்துக்கொண்டு ஊர் ஊராகப் போன மக்களுக்கு வாழ்க்கையே இந்த இரண்டுதான். காப்பீட்டு நிறுவனம் தருவது க்ஷேமம் மட்டும்தானே, யோகம் எங்கே என்று ஏஜெண்ட்டாக இருக்கும் நண்பரிடம் கேட்டேன். போனஸ் என்றார்.

இனி குறை. பெரிய குறை.

யுஜுக்கு முன்னொட்டு சேர்ந்து பிறந்த வினைகளை இந்த அகராதி யுஜுக்குக் கீழே வைப்பதில்லை. பிர-யுஜ் பகர வரிசையில், உத்-யுஜ் உகரத்தில், நி-யுஜ் நகரத்தில், வி-யுஜ் வகரத்தில். ஒரு குடும்பத்தின் அண்ணன் தம்பிகளைப் பார்க்க 1333 பக்கத்திலும் வீடு வீடாக ஏறி இறங்க வேண்டும். பீட்டர்ஸ்பர்க் அகராதி என்று சொல்லும் போத்லிங்க், ரோத் இருவரின் ஏழு பாக ஜெர்மன் அகராதி (1855 முதல் 1875 வரை வந்தது) எல்லா முன்னொட்டு வினைகளையும் வேருக்கு அடியிலேயே அடுக்கியிருக்கும். அதிலிருந்து ஏராளமாக எடுத்துக்கொண்டார் என்று மோனியர் வில்லியம்ஸ் மேல் போத்லிங்கே புகார் சொன்னார். எடுத்ததுதான் எடுத்தார், இந்த ஏற்பாட்டையும் எடுத்திருக்கலாம். நம்ம நாட்டு ஆப்தே அகராதியிலும் (1890, புணே) முன்னொட்டுகள் வேரடியில்தான் இருக்கும்.

நான் ஏறி இறங்கிவிட்டேன் என்பதால் உங்களுக்கு மிச்சம். உத்-யோகம்: முயற்சி, ஆயத்தம். மகாபாரதத்தில் உத்யோக பர்வம் என்றால் யுத்தத்துக்குத் தயாராகும் பகுதி. நம்மூரில் அது மாதச் சம்பளமாகி, "உத்தியோகம் புருஷ லட்சணம்" என்று மாப்பிள்ளை பார்க்கும் இடத்தில் நிற்கிறது. பிரயோகம்: பயன்படுத்தல், நாடகம் நடிப்பது, அம்பு விடுவது, பணத்தை வட்டிக்கு விடுவதும்கூட. உபயோகம் அப்படியே இருக்கிறது. விநியோகம் என்றால் எந்த மந்திரம் எந்தச் சடங்குக்கு என்று பங்கிடுவது, கோயிலில் பிரசாத விநியோகம் வழியாக ரேஷன் கடை வரை வந்துவிட்டது. அனுயோகம் என்றால் கேள்வி. அபியோகம் என்றால் ஒருவர் மேல் பாய்வது, அதனால் வழக்கில் குற்றச்சாட்டு. நியோகம் என்றால் கட்டளை, பணியில் அமர்த்தல், தர்மசாஸ்திரத்தில் பிள்ளை இல்லாதவனுக்காக அவன் மனைவியிடம் இன்னொருவன் பிள்ளை பெறும் ஏற்பாடு, வியாசர் அம்பிகைக்கும் அம்பாலிகைக்கும் செய்தது. ஆயுக்தன் என்றால் பணியில் அமர்த்தப்பட்ட அதிகாரி, லோக் ஆயுக்தா என்று இன்றும் செய்தித்தாளில் வருகிறார். வியோகம் பிரிவு, கணக்கில் கழித்தல். முன்னொட்டு ஒவ்வொன்றும் நுகத்தடியை ஒவ்வொரு பக்கம் திருப்புகிறது, அவ்வளவுதான்.

யுகம் என்ற சொல்லும் முதலில் நுகம்தான். நுகத்தில் இரண்டு மாடு என்பதால் ஜோடி. அப்புறம் தலைமுறை. அதிலிருந்து நீண்டு நீண்டு 4,32,000 ஆண்டு கொண்ட கலியுகம். யோஜனம் என்ற தூரத்துக்கு அகராதி தரும் விளக்கம் என்னைச் சும்மா உட்காரவைத்துவிட்டது: ஒரு தடவை பூட்டினால் அவிழ்க்காமல் போகக்கூடிய தூரம். அது எத்தனை மைல் என்றால் நாலைந்து என்றும், சரியாகச் சொன்னால் ஒன்பது என்றும், வேறு கணக்கில் இரண்டரை என்றும் போட்டிருக்கிறார். மாட்டைப் பொறுத்தது போல. ஆகவே அனுமன் நூறு யோஜனை தாண்டினான் என்பதை மைலாக மாற்றிச் சண்டை போடுபவர்கள் எந்த மாடு என்று முதலில் முடிவு செய்துகொள்ளவும். நாம் "கொஞ்சம் யோசனை பண்ணு" என்பது அதன் தங்கை யோஜனா, ஒன்றோடு ஒன்றைப் பொருத்தி அடுக்கிப் பார்ப்பது.

இன்னொரு எச்சரிக்கை. பொருளுக்குப் பக்கத்தில் எல் (L) என்ற ஒற்றை ஆங்கில எழுத்து இருந்தால் ஜாக்கிரதை. அந்தப் பொருள் பழைய நிகண்டுகளில்தான் இருக்கிறது, அவர்கள் பார்த்த இலக்கியத்தில் அப்படி யாரும் எழுதிக் காணவில்லை என்று அர்த்தம். யோகத்துக்கு நம்பிக்கைத் துரோகி, ஒற்றன் என்றுகூட ஒரு பொருள் போட்டு எல் முத்திரை குத்தியிருக்கிறார். இதைக் கவனிக்காமல் எடுத்துக்கொண்டு போய் மேடையில் பேசுபவர்கள் நிறைய. வேர் இதுதான், ஆகவே பொருள் இதுதான் என்று ஒரே வரியில் முடிப்பவர்களிடம் எனக்கு இருக்கும் சண்டையும் அதுதான். நாம் பள்ளியில் படித்த காரணப்பெயர், இடுகுறிப்பெயர், காரண இடுகுறி எல்லாம் மறந்துபோய்விடுகிறது. சமஸ்கிருதத்திலும் அதே பாகுபாடு உண்டு, வேடிக்கை என்னவென்றால் காரணப்பெயருக்கு அங்கே யௌகிகம் என்று பெயர், யோகத்தால் பொருள் தருவது. காரண இடுகுறிக்கு யோகரூடம். சேற்றில் பிறந்ததையெல்லாம் பங்கஜம் என்று சொல்லிவிட முடியுமா, தாமரைக்கு மட்டும்தானே அந்தப் பெயர்? யோகம் என்ற சொல்லே அப்படி ஒரு யோகரூடம்தான்.

இலவச வழி: ஜெர்மனியின் கோல்ன் பல்கலைக்கழகம் இந்த அகராதி முழுவதையும் இணையத்தில் வைத்திருக்கிறது. வேலை 1994-இல் தொடங்கியது, தொடங்கிய துறையின் பெயரே இந்தியவியல், தமிழியல் கழகம். நாற்பது அளவுக்கு அகராதிகள் இருக்கின்றன, ஆப்தே, பீட்டர்ஸ்பர்க், சமஸ்கிருதத்துக்குச் சமஸ்கிருதத்திலேயே பொருள் சொல்லும் வாசஸ்பத்யம் எல்லாம் ஒரே இடத்தில். அச்சுப் பக்கத்தின் படத்தையும் திறந்து பார்க்கலாம், என் பிரதியில் கறுத்திருந்த யுஜ் அங்கே பளிச்சென்று இருந்தது. தேவநாகரியில் அல்லது ரோமன் எழுத்தில் தட்ட வேண்டும். தேடிக்கொண்டே இருப்பவர்களுக்கு அது போதும், தாராளமாகப் போதும். அச்சுப் புத்தகம் எதற்கு என்றால், தேடாததைக் கண்டுபிடிப்பதற்கு. காளிதாசன், நாடகம், காவியம் என்று படிப்பவர்கள் ஆப்தே வாங்குங்கள், மேற்கோள் வரிகள் நிறைய இருக்கும். வேதப் பக்கம் போகிறவர்களுக்கு மோனியர் வில்லியம்ஸ். இதைவிடப் பெரிதாக வேண்டும் என்பவர்களுக்குப் புணே டெக்கான் கல்லூரியில் 1948 முதல் ஒரு பேரகராதி தயாராகிறது, இன்னும் அகரத்தைத் தாண்டவில்லை, யகரம் வரும்போது நம் பேரப்பிள்ளைகள் வாங்கிக்கொள்வார்கள்.

மதிப்பெண்: அகராதிக்கு ஐந்துக்கு நாலரை, முன்னொட்டு அலைச்சலுக்காக அரை குறைத்தேன். என் பிரதியின் அச்சுக்கு ஒன்று, அதுவும் தாள் கிழியாமல் இருப்பதற்காக.

யோக்கியன் பதிவைப் படித்த அன்றைக்கு அப்பா ஊரிலிருந்து வந்திருந்தார். யோக்யம் என்றால் முதலில் நுகத்துக்கு ஏற்றது, வண்டி இழுக்கும் விலங்கு. சாந்தோக்ய உபநிஷதத்தில்கூட வண்டியில் பூட்டிய பிரயோக்யம் போல உயிர் இந்த உடம்பில் பூட்டப்பட்டிருக்கிறது என்று வரும். அப்படியானால் அயோக்கியன் நுகத்துக்கு வராத மாடு. "யோக்கியன் வர்றான், செம்பை எடுத்து உள்ளே வை" என்பதை இனி எப்படிச் சொல்வது என்று நான் சிரித்துக்கொண்டிருந்தபோது, நாற்பது வருஷம் ஏர் ஓட்டிய அப்பா சொன்னார், "எந்தக் கன்னும் தானா நுகத்துக்கு வராதுடா. பழகின மாட்டோட சோடி கட்டி, வெறுங்கட்டையை இழுக்க விட்டுப் பழக்கணும்." திருப்பினால் அடுத்தே யோக்யா, பயிற்சி, பழக்கம் என்று இருக்கிறது. சுச்ருத சம்ஹிதையில் யோக்யா என்றே ஒரு அத்தியாயம், அறுவை வைத்தியம் கற்கிற மாணவன் நோயாளி மேல் கத்தி வைப்பதற்கு முன் பூசணி, சுரை, வெள்ளரிக்காயில் வெட்டிப் பழக வேண்டும் என்று சொல்வது. அந்தக் காய்களும் கன்றைப் பழக்கும் அப்பாவின் வெறுங்கட்டைதான்.

"இவ்வளவு போட்டிருக்கானே, பூட்டாங்கயித்துக்குப் பேர் இருக்கா?" என்றார். இருந்தது. யோக்த்ரம், அதே யுஜிலிருந்து. ரிக்வேதம் மூன்றாம் மண்டலம், 33-ஆம் சூக்தம்: விச்வாமித்திரர் வண்டிகளோடு வந்து விபாஸ், சுதுத்ரி, அதாவது இன்றைய பியாஸ், சட்லெஜ் நதிகளிடம் கொஞ்சம் தாழ்ந்து வழி விடும்படி கெஞ்சுகிறார், அலை நுகமுளை வரைக்கும் வரட்டும், தண்ணீரே, பூட்டாங்கயிறுகளை விட்டுவிடு என்று. படித்துச் சொன்னேன். அப்பா கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை.

"வாஸ்தவம்தான். கயிறு நனைஞ்சா முடிச்சு இறுகிக்கும். ஆத்துக்கு நடுவுல மாட்டை அவுக்க முடியாது" என்றார்.